இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடி

"அரசிதழையெல்லாம் யார் படிக்கிறார்கள்? டிவியில் சொன்னால் தெரிந்துவிடுகிறது. அப்புறம் அதை அச்சில் போடுவது வெறும் சடங்கு." விவரம் தெரிந்தவர்கள்கூட இப்படித்தான் பேசுகிறார்கள். வர்த்தக விதி என்றால் வணிகர்கள் சங்கத்து வாட்ஸப் போதும், போலீஸ் பதக்கம் என்றால் குடியரசு தினத்தன்று பேப்பரில் வரும் பட்டியல் போதும் என்பது அவர்கள் கணக்கு. தூத்துக்குடியில் சரக்கு கிளியரிங் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். அந்தக் கணக்கு எங்கெங்கே பிசகுகிறது என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில், 'டிவியில் சொன்னால் போதும்' என்ற வாதம். 2023 ஜூலை 20 சாயங்காலம், அரிசி ஏற்றுமதிக்குத் தடை என்று எல்லா சேனலிலும் கீழே ஓடியது. சற்று நேரத்தில் ஒரு ஏற்றுமதியாளர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, தடை போட்டுட்டாங்களாமே? வந்துக்கிட்டு இருக்கிற லாரியைத் திருப்பச் சொல்லட்டுமா?"

"பச்சரிசியா, புழுங்கலா?"

"புழுங்கல்தான் அண்ணாச்சி."

"அப்ப வண்டி வரட்டும். நான் படிச்சிட்டுக் கூப்பிடுதேன்."

படித்தேன். அரசிதழில் வந்த அறிவிக்கையில் தடைக்குள்ளான குறியீடு 1006 30 90. பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி அது. புழுங்கலுக்கு 1006 30 10. கடைசி இரண்டு இலக்கத்தில்தான் வித்தியாசம். எங்களுக்கு அது பத்து லாரி சரக்கு. அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் ஜனங்கள் மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனதை அந்த வாரம் எல்லோரும் பார்த்தோம். 'அரிசிக்குத் தடை' என்ற இரண்டே சொல் கிளப்பிய பீதி அது. நம் வீட்டு இட்லிக்குப் போடும் புழுங்கலை அந்த அறிவிக்கை தொடவே இல்லை. புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது அடுத்த மாதம் 25ஆம் தேதி. அது நிதி அமைச்சகம் தனியாகப் போட்ட அறிவிக்கை.

அதே ஜூலை அறிவிக்கையில் தடைக்குக் கீழே விலக்குகளும் இருந்தன. கப்பலில் ஏற்ற ஆரம்பித்துவிட்டதா? ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதிப் பத்திரம் போட்டு, கப்பலும் துறைமுகத்துக்கு வந்து நங்கூரமிட்டுவிட்டதா? சரக்கு கஸ்டம்ஸ் கைக்குப் போய்ப் பதிவாகிவிட்டதா? அப்படியானால் போகலாம். இதில் ஒன்றைக்கூட டிவி சொல்லவில்லை. முந்தைய வருடம் மே 13இல் வந்த கோதுமைத் தடையில், அதற்கு முன்பே திறந்த, ரத்து செய்ய முடியாத எல்.சி. (வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) கையில் இருந்தவர்கள் அனுப்பலாம் என்று இருந்தது. அதே நினைப்பில் அரிசிக்கும் எல்.சி.யைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் ஏமாந்தார்கள். அந்தச் சலுகை இதற்குக் கிடையாது என்று அறிவிக்கையிலேயே தெளிவாக எழுதியிருந்தது. இரண்டுக்கும் தலைப்பு 'ஏற்றுமதிக்குத் தடை' என்பதுதான். தலைப்பை மட்டும் பார்த்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அடுத்தது இன்னும் ஆழமாக வேரோடியிருக்கும் நினைப்பு: 'அரசாங்கம் நினைத்தால் நினைத்தபடி செய்யும், அதற்கு முத்திரை குத்தத்தான் அரசிதழ்.' என் அனுபவத்தில் அரசாங்கத்தின் கையையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு அது. 2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதல். 16ஆம் தேதி பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாப் பொருளுக்கும் 200 சதவீத இறக்குமதி வரி என்று மத்திய அரசு அறிவிக்கை போட்டது. அன்று பகலிலேயே அட்டாரி எல்லையில் சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் பத்திரம் தாக்கல் செய்திருந்த இறக்குமதியாளர்கள் உண்டு. தேதி ஒன்றுதானே, நீங்களும் 200 சதவீதம் கட்டுங்கள் என்றது கஸ்டம்ஸ். நாடே கொதித்துப் போயிருந்த நேரம். அப்போது அந்த வணிகர்களுக்காகப் பரிந்து பேச யார் வருவார்கள்?

மின்னணு அரசிதழில் பதிவாகியிருந்த நேரம் வந்தது. அறிவிக்கை ஏறியது இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடிக்கு. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் இறக்குமதியாளர்கள் பக்கம் நின்றது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த நொடிக்கு முன்னால் தாக்கலான பில்லுக்குப் பழைய வரிதான். விதி வெளியானபின்தான் கட்டுப்படுத்தும், அன்று விடியற்காலைக்குப் பின்னோக்கிப் போகாது என்பது தீர்ப்பின் சாரம். அமைச்சர் என்றைக்கு என்ன சொன்னார் என்பது அந்த வழக்கில் எடுபடவில்லை. அரசிதழின் கடிகாரம்தான் எடுபட்டது. 2015 அக்டோபரில் இந்திய அரசிதழை அச்சடிப்பதை நிறுத்தி முழுக்க மின்னணு வடிவத்துக்கு மாற்றியபோது, இனி இதற்கு மரியாதை இல்லை என்றார்கள். விநாடி வரைக்கும் பதிவான அந்த நேரம் மின்னணு அரசிதழிலிருந்து வந்ததுதான்.

'யாருமே படிக்காத ஒன்றைக் காட்டி ஜனங்களைத் தண்டிப்பது நியாயமா?' இந்தக் கேள்வியை மட்டும் என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. 1962 நவம்பரில் ஜூரிச்சிலிருந்து மணிலாவுக்குப் பறந்துகொண்டிருந்த ஜெர்மானியர் ஒருவர், மேயர் ஹான்ஸ் ஜார்ஜ், 34 கிலோ தங்கத்தைக் கோட்டுக்குள் வைத்திருந்தார். விமானம் பம்பாயில் நின்றது. அவர் இறங்கவில்லை, இருக்கையிலேயே இருந்தார். நாட்டின் வழியாகப் போகும் தங்கத்தையும் விமானச் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் அறிவிக்கை அதற்கு நான்கு நாள் முன்னால், நவம்பர் 24ஆம் தேதி அரசிதழில் வந்திருந்தது. அவருக்கு எப்படித் தெரியும்? உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சுப்பா ராவ் அவர் பக்கம் நின்றார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ராஜகோபால ஐயங்கார், அரசிதழில் வந்துவிட்டால் தெரியாது என்று சொல்ல முடியாது என்றார்.

கடுமையான தீர்ப்புதான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் மந்திரி சபை 1923இல் ஓர் அபின் சட்டத்தைத் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டு, எங்குமே வெளியிடாமல் விட்டுவிட்டது. அந்தச் சட்டத்தின்கீழ் ஹர்லா என்பவருக்கு 50 ரூபாய் அபராதம் போட்டார்கள். 1951இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மூடிய அறைக்குள் நிறைவேற்றி, ஜனங்கள் அறியும்படி வெளியிடாத ஒன்று சட்டமே ஆகாது என்றது. ஜார்ஜுக்கு எதிராக நின்ற அதே கொள்கைதான் ஹர்லாவைக் காப்பாற்றியது. அரசிதழைச் சடங்கென்று தள்ளிவிட்டால் நஷ்டம் ஹர்லா போன்றவர்களுக்குத்தான்.

ஆனால் ஒரு குறை உண்மை, அதை அழுத்திச் சொல்கிறேன். இந்திய அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது. வெங்காய ஏற்றுமதியை நிறுத்தினால் பெரம்பலூர் விவசாயி தன் சின்ன வெங்காயமும் அதில் சேருமா என்று தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை; என் போன்ற ஆளிடம் வந்து கேட்க வேண்டியிருக்கிறது. தெரியாது என்று சொல்லக் கூடாதென்றால், தெரிகிற மொழியில் சொல்ல வேண்டாமா? அரசிதழைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் இதைக் கேட்க முடியும்.

பதக்கங்களுக்கு வருகிறேன். டிஜிஎஃப்டி என்று நாங்கள் சொல்லும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் பொது அறிவிப்புகளும், குடியரசுத் தலைவர் செயலகம் வெளியிடும் போலீஸ் வீரப் பதக்க அறிவிக்கைகளும் அரசிதழின் முதல் பகுதி, முதல் பிரிவில் வருகின்றன. வேலை நிமித்தம் ஒன்றைத் தேடப் போய்த்தான் மற்றதைப் படிக்க ஆரம்பித்தேன். 'அது வெறும் புகழுரை, பேரைப் பேப்பரில் பார்த்தால் போதாதா' என்கிறார்கள். பேப்பரில் வருவது பேர் மட்டும். அரசிதழில் வருவது சம்பவம்: எந்த மாவட்டம், எந்தக் கிராமம், ராத்திரி எத்தனை மணிக்குத் தகவல் வந்தது, எத்தனை பேர் எந்தப் பக்கமாகப் போனார்கள், குண்டு எங்கிருந்து வந்தது, யார் முன்னால் ஊர்ந்து போனார், என்ன துப்பாக்கி, எத்தனை தோட்டா பிடிபட்டது. பக்கத்து மாநிலத்துப் போலீஸ்காரர் ஒருவர் எப்படிச் செத்தார் என்பது நமக்குத் தெரிய வரும் ஒரே இடம் பல சமயம் அதுதான்.

என்கவுன்ட்டர் எல்லாவற்றையும் வீரமாக்கும் தந்திரம் இது என்று குற்றம் சாட்டுகிறவர்களும் உண்டு. அந்தச் சந்தேகம் அவசியமானது, அதை நான் மதிக்கிறேன். 2014இல் உச்ச நீதிமன்றம் என்கவுன்ட்டர் மரணங்களுக்கு வகுத்த நெறிமுறைகளிலேயே, சம்பவம் முடிந்த கையோடு வீர விருது கொடுக்கக் கூடாது, வீரம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமான பிறகே பரிந்துரைக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அரசாங்கம் தன் கதையைத் தேதி, இடம், பேரோடு கையெழுத்திட்டு வெளியிடுவதால்தானே, இறந்தவரின் குடும்பமோ வழக்கறிஞரோ அதை எஃப்ஐஆரோடும் பிரேதப் பரிசோதனை அறிக்கையோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது? விவரமில்லாமல் பேரை மட்டும் வாசித்துப் பதக்கம் குத்திவிட்டால் கேள்வி கேட்கப் பிடியே கிடைக்காது.

இந்தப் பதக்கங்கள் 1951இல் ஏற்படுத்தப்பட்டவை. 2024இல் பெயரும் வகையும் மாறின. நான் வருடக்கணக்கில் படித்த அறிவிக்கைகள் பழைய விதிகளின் கீழ் வந்தவை. சம்பவம் நடந்து இரண்டு மூன்று வருடம் கழித்து வந்தவை அவற்றில் நிறைய. ஒவ்வொன்றின் கடைசியிலும் எந்த விதிப்படி பதக்கம், எந்த விதிப்படி சிறப்புப் படி என்று ஒரு வாக்கியம் இருக்கும். படி எந்த நாளிலிருந்து என்று அதில் ஒரு தேதியும் இருக்கும். வரி விதியைப் போல வெளியான நொடியிலிருந்து அல்ல. அறிவிக்கை வெளியான நாளும் அல்ல, டெல்லியில் விருதை அறிவித்த நாளும் அல்ல. மேலே போய் விவரத்தை மறுபடி படித்தால், அந்தப் போலீஸ்காரர் குண்டுக்கு முன்னால் போன நாள் அது.