துள்ள வைப்பது எது?

சர்க்கஸில் ஊஞ்சலாடுவோர், ஆட்டம் முடிந்ததும் கீழே கட்டிய வலையில் விழுந்து, மீண்டும் மேலெழும்புவர். அதைக் கண்டு வியந்த அமெரிக்க இளைஞர் ஜார்ஜ் நிஸ்ஸன், லாரி கிரிஸ்வால்டு என்பாருடன் சேர்ந்து, 1934-ஆம் ஆண்டு அயோவாவில் ஓர் இரும்புச் சட்டத்தினுள் கான்வாஸ் துணியைச் சுருள்வில்களால் இழுத்துக் கட்டினார். டிராம்போலின் பிறந்தது.

இன்று வீட்டுத் தோட்டங்களில் வைக்கப்படும் டிராம்போலினில் கான்வாஸுக்குப் பதிலாக, வெயிலைத் தாங்கும் பாலிப்ரொப்பிலீன் இழைகளால் நெய்த விரிப்பு உண்டு. துருப்பிடியாதிருக்கத் துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய்களே அதன் சட்டம். விரிப்பே நம்மைத் துள்ள வைப்பதாக எண்ணுகிறோம். அதுவோ அதிகம் நீள்வதில்லை. சுற்றிலும் கொக்கியிட்டு மாட்டிய எஃகுச் சுருள்வில்களே நீண்டு, குதிப்பவரின் ஆற்றலை வாங்கிச் சேமித்து, சுருங்குகையில் திருப்பித் தருகின்றன.

ஆனால் யாரிடம் வாங்கியதை யாருக்குத் தருவது என்று வில் அறியாது! இருவர் சேர்ந்து குதித்தால், கனத்தவர் கொடுத்த ஆற்றல் எடை குறைந்த குழந்தையைத் தூக்கி எறியக்கூடும். எலும்பு முறியவும் கூடும். வீடுகளில் இவ்விளையாட்டை ஊக்குவிக்கலாகாது என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-இல் அறிவுறுத்தியது. எனவே பெற்றோரே, எங்கேனும் உங்கள் பிள்ளைகள் இதில் ஏற நேர்ந்தால், ஒரு வேளையில் ஒருவரே குதிக்கட்டும்; வில்களை மெத்தையுறை மூடியிருக்கட்டும்; உங்கள் கண்ணும் அங்கே இருக்கட்டும்.