மெமரி சிப்பும் பருத்திக்கொட்டையும்

2025 செப்டம்பர் 2-ம் தேதி உச்சநீதிமன்றத்தில் ஒரு மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. என் ஆபீஸில் ஷேர் வாங்கி விற்கிற ரெண்டு புள்ளிகள் அதை ரெண்டு நாள் சாப்பாட்டு மேசையில் போட்டு அலசினார்கள். எங்க ஊர்ப் பக்கம், அதாவது கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம், எந்த உரக்கடை வாசலிலும் அதைப் பற்றி ஒரு பேச்சு நடந்திருக்காது. நடந்திருக்கணும் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயைப் போட்டுக்கிட்டு வாங்க மக்களே.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனியிடம் பேட்டன்ட் இருக்கு. அதை வைத்து அது அடாவடி ராயல்டி வாங்குகிறது என்று புகார். இதை விசாரிக்கிற அதிகாரம் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு (சிசிஐ) உண்டா இல்லையா? இல்லை என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அதை எதிர்த்து ஆணையம் போன மேல்முறையீடுதான் மேலே சொன்னது. எரிக்சன், மான்சான்டோ என்று ரெண்டு கம்பெனிகளின் வழக்கு அந்த 2023 தீர்ப்பில் சேர்ந்து வந்தது. ஒண்ணு செல்போன் பேட்டன்ட், இன்னொண்ணு பருத்தி விதை. நம்ம கதை ரெண்டாவது.

ஆனா முதல்ல மெமரி சிப்புக்குப் போயிட்டு வரணும். பொட்டி தட்டுறவன்கிட்ட வந்து மாட்டிக்கிட்டீங்க, வேற வழியில்லை :-)

உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற மெமரி சிப்பை எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் அது மதர்போர்டில் பொருந்துதே, எப்படி? ஜெடெக் என்று ஒரு தர நிர்ணய அமைப்பு. சிப் செய்கிற எல்லோரும் அங்கே கூடி உட்கார்ந்து, கால் இப்படி இருக்கணும், வேகம் இப்படி இருக்கணும் என்று பேசி முடிவு செய்வார்கள். 1990-ல் தொடங்கிய ராம்பஸ் என்கிற சின்ன கம்பெனியும் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தது, 1996-ல் வெளியே வந்தது. அப்புறம் எஸ்டிரேம், டிடிஆர் எல்லாம் உலகம் முழுக்கப் பரவின பிறகு "இதுல எங்க பேட்டன்ட் இருக்கு, ராயல்டியை எடு" என்று கிளம்பியது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது வாயைத் திறக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

அமெரிக்காவின் எஃப்டிசி 2002-ல் வழக்குப் போட்டது. 2004-ல் அவர்களுடைய நீதிபதியே அதைத் தள்ளினார். 2006-ல் ஆணையர்கள் கூடி "இல்லை, ராம்பஸ் தப்புதான் செய்தது" என்று தீர்ப்பைத் திருப்பினார்கள். 2008 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் கவிழ்த்தது. ஏமாற்றியே இருந்தாலும், அதனால் போட்டி கெட்டது என்று நீங்கள் நிரூபிக்கவில்லை என்றது. 2009-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கேட்க மறுத்தது. கதை முடிந்தது. அதற்குள் ராம்பஸ் ஷேர் ஏறி இறங்கின ராட்டினம் தனிக்கதை. அந்தக் கம்பெனியே சிப் கம்பெனிகள் மேல் போட்ட இன்னொரு வழக்கில் 2011 நவம்பரில் ஜூரி கைவிரித்தபோது ஒரே நாளில் பாதிக்கு மேல் விலை போனது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும். ராயல்டி கொடுக்க மாட்டோம் என்று சண்டை போட்ட சிப் கம்பெனிகளும் உத்தமர்கள் கிடையாது. சாம்சங், ஹைனிக்ஸ், இன்ஃபினியான் எல்லாம் கூட்டு சேர்ந்து மெமரி விலையை ஏற்றினோம் என்று அதே காலத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டின ஆட்கள். சாம்சங் மட்டும் 2005-ல் 30 கோடி டாலர்.

இது அப்படியே பருத்திக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஜெடெக் மாதிரி ஒரு மேசை இங்கே கிடையாது. ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. அமெரிக்காவில் அரசுத் தரப்பு தோற்றது, சரி. ஆனா கேள்வி முழுசாகக் கேட்கப்பட்டது. சாட்சி வந்தது, கணக்கு வந்தது, கடைசியில் பதில் வந்தது. நம்ம ஊரில் கேள்வி கேட்கிறது யாரு என்கிற இடத்திலேயே பத்து வருஷம் போய்விட்டது.

நிற்க. இப்போ பருத்தி.

கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தது 1901-ல். கரிசல் மண்ணில் மானாவாரியாக விளைகிற கருங்கண்ணிப் பருத்தியை வைத்து அங்கே உருவாக்கின ரகங்கள் கே வரிசை. கே 11 வரைக்கும் நம்ம பெரியவங்களுக்கு எண் சொன்னாலே தெரியும். அப்புறம் கேசி 2. இதெல்லாம் ரகங்கள், வீரிய ஒட்டு இல்லை. பஞ்சை எடுத்துவிட்டு கொட்டையில் கொஞ்சம் அடுத்த வருஷத்துக்கு விதைக்கு, மிச்சம் மாட்டுக்கு, வீட்டில் பருத்திப்பாலுக்கு. ராயல்டி யாருக்கும் கிடையாது.

2002 மார்ச்சில் பிடி பருத்திக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. மஹிகோவும் மான்சான்டோவும் சேர்ந்து நடத்திய எம்எம்பி என்கிற கம்பெனிதான் ஜீனை வைத்திருந்தது. அது விதைக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கும், அவர்கள் தங்கள் வீரிய ஒட்டில் அதை ஏற்றி விற்பார்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஜீனுக்கு ஒரு கட்டணம். வீரிய ஒட்டு என்பதால் கொட்டையை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் அதே மாதிரி வராது. வருஷா வருஷம் கடைக்குப் போகணும். சாப்ட்வேர்காரன் பாஷையில் சொன்னால் லைசன்ஸ் ஒரு வருஷத்தில் தானாகக் காலாவதி ஆகும்.

450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் பெரும்பங்கு ஜீன் கட்டணம். இத்தனைக்கும் முதல்ல வந்த போல்கார்டு ஜீனுக்கு இந்தியாவில் பேட்டன்டே கிடையாது. ஒப்பந்தத்தை வைத்தே வசூல் நடந்தது. ஆந்திர அரசு 2006-ல் எம்ஆர்டிபி கமிஷனுக்குப் போனது. சீனாவில் இதே ஜீனுக்கு எவ்வளவு கம்மியாக வாங்குகிறீர்கள் என்று கேட்டது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி கமிஷன் அந்த மே மாதமே உத்தரவு போட்டது. ஆந்திராவில் பாக்கெட் 750 ரூபாய்க்கு இறங்கியது, மற்ற மாநிலங்களும் பின்னாலேயே வந்தன.

ஆக, போட்டிச் சட்டக் கதவைத் தட்டினால் நாலைந்து மாதத்தில் விலை இறங்கும் என்பதை நாம் ஒருதடவை கண்ணால் பார்த்திருக்கிறோம். இதை ஞாபகம் வைங்க.

எம்ஆர்டிபி போய் சிசிஐ வந்தது. 2015-ல் மத்திய வேளாண் அமைச்சகமும், நுஜிவீடு உள்ளிட்ட விதைக் கம்பெனிகளும் அங்கே போனார்கள். 2016 பிப்ரவரியில் ஆணையம், முதல் பார்வைக்கு ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தின மாதிரிதான் தெரிகிறது, விசாரியுங்கள் என்றது. ஜீன் கட்டணம் மட்டுமில்லை. உரிமம் வாங்கினவன் போட்டிக் கம்பெனியோட ஜீன் பக்கம் தலைவைத்துப் படுக்க யோசிக்கிற மாதிரி கடுமையான முறிவு நிபந்தனைகள் என்றும் சொன்னது. மான்சான்டோ டெல்லி உயர்நீதிமன்றம் போனது. 2020 மே மாதம் தனி நீதிபதி, ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றார். 2023 ஜூலை 13-ல் ரெண்டு நீதிபதிகள் அமர்வு, கிடையாது என்றது. பேட்டன்ட் உரிமத்தில் அநியாயம் என்றால் பேட்டன்ட் சட்டத்திலேயே வழி இருக்கு, கன்ட்ரோலரிடம் போ என்பது சாரம்.

இதற்கிடையில் என்னென்ன ஆச்சு பாருங்க. 2018-ல் மான்சான்டோவை பேயர் வாங்கிவிட்டது. போல்கார்டு 2-க்கான பேட்டன்ட் 2019 நவம்பரோடு முடிந்துவிட்டது. 2021-ல் நுஜிவீடும் பேயரும் சமரசம் ஆகிவிட்டார்கள். 2025-ல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, புகார் கொடுத்த தரப்பு சமரசம் ஆகிவிட்டது என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. சமரசம் ஆனது யார் யார்? விதை செய்கிறவனும் ஜீன் வைத்திருக்கிறவனும். பாக்கெட்டுக்குக் காசு கொடுத்தவன் அந்த அறையிலேயே இல்லையே! 2002-ல் இருந்து ஜீன் கட்டணத்தைக் கட்டினது கடைசியில் யாரோட கைக்காசு? அவனுக்கு நீங்க கட்டினது நியாயமான விலைதான் என்றோ, இல்லை உன்னை ஏய்த்துவிட்டார்கள் என்றோ ஒரு பதில் வந்திருக்கணும். ரெண்டும் வரவில்லை. மான்சான்டோ குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. நிரூபிக்கப்படவில்லை, அதனால் சொல்லவும் கூடாது. அந்தக் கம்பெனிக்கே கூட "நாங்கள் தப்பு செய்யவில்லை" என்று சொல்லிக்கொள்ள ஒரு தீர்ப்பு கிடைக்கவில்லை.

நம்ம ஆபீஸ் ஷேர் புள்ளிகளுக்கு வருவோம். முதல் ஆள் சொன்னது: "பேட்டன்டுன்னாலே சட்டம் கொடுக்கிற மோனோபோலிதான். அதைக் கொடுத்துட்டு ஏன் மோனோபோலியா இருக்கேன்னு கேஸ் போட்டா எவன் ஆராய்ச்சி பண்ணுவான்?" இதில் சத்து இல்லாமல் இல்லை. 2006-ல் போல்கார்டு 2 வந்ததற்குப் பிறகு இந்தியாவில் பருத்திக்கு மான்சான்டோவின் புது ஜீன் எதுவும் அனுமதி வாங்கி வரவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ஜீனைத் தாண்டிவிட்டது என்று 2010-ல் மான்சான்டோவே குஜராத்தை வைத்துச் சொன்னது. பிறகு ரெண்டாவதையும் தாண்டியது. அடுத்து கொண்டுவர இருந்த களைக்கொல்லி தாங்கும் பருத்தியின் விண்ணப்பத்தை 2016-ல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ரெண்டாவது ஆள் சொன்னதுதான் எனக்குச் சரி என்று பட்டது. "நீ ஆணையத்தைப் பூட்டிட்டா அரசாங்கம் சும்மா இருக்குமா? நேரா விலைக் கட்டுப்பாடு போடும். இன்வெஸ்டருக்கு அதுதான்டா பெரிய ஆப்பு." நடந்ததும் அதுதான். 2015 டிசம்பரில் பருத்தி விதை விலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2016 மார்ச்சில் பாக்கெட் 800 ரூபாய், ஜீன் கட்டணம் 163-ல் இருந்து 49. பிறகு 39, 20, 2020-ல் பூஜ்யம். சாட்சி கிடையாது, கணக்கு கிடையாது, கெஜட்டில் ஒரு வரி. அந்தப் பூஜ்யத்தால் விவசாயிக்கு மலிவு நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. 2020-ல் 730 ரூபாய் இருந்த போல்கார்டு 2 பாக்கெட்டுக்கு 2025-ல் அரசே போட்ட உச்ச விலை 901.

விலை ஆணை கோடாரி மாதிரி. ஆராய்ச்சிக்குச் செலவழித்தவன், சும்மா வசூல் செய்தவன் ரெண்டு பேரையும் ஒண்ணாகத்தான் வெட்டும். ஆணையம் தராசு. இவ்வளவு செலவு, இவ்வளவு லாபம், இந்த நிபந்தனை சரி, இது அநியாயம் என்று பிரித்துச் சொல்லும். தராசைப் பிடுங்கி வைத்துவிட்டு கோடாரி ஏன் வந்தது என்று கேட்டால் எப்படி?

கன்ட்ரோலரிடம் போகலாமே என்று நீதிமன்றம் சொன்ன வழியையும் பார்த்துவிடுவோம். கட்டாய உரிமம் என்று பேட்டன்ட் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கு. அது கொடுக்கப்பட்டது 2012-ல், பேயரின் நெக்ஸாவர் புற்றுநோய் மருந்துக்கு, நாட்கோ கம்பெனிக்கு. அதற்குப் பிறகு மருந்துகளுக்காக வந்த விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. தவிர, அது பேட்டன்டைப் பயன்படுத்த விரும்புகிற கம்பெனி போகிற வழி. போட்டியைக் கெடுத்ததற்கு அபராதம் போடுகிற வேலை கன்ட்ரோலருக்குக் கிடையாது.

"ஏம்ப்பா, உங்க ஊர்ல இப்ப பருத்தியே கம்மிதானே, உனக்கென்ன?" என்று கேட்பீர்கள். உண்மைதான். புரட்டாசியில் கோவில்பட்டியில் இருந்து விளாத்திகுளம் பஸ்ஸில் போனால் ரெண்டு பக்கமும் மக்காச்சோளம்தான், ஊடே உளுந்து, பாசி. அதனால்தான் கவலைப்படுகிறேன். மக்காச்சோளமும் வீரிய ஒட்டு, வருஷா வருஷம் பாக்கெட். எங்க பெரியப்பா பாஷையில் சொன்னால், "வெதை இப்பம் நம்ம குலுக்கையில இல்லடே, கடைக்காரன் அலமாரில கெடக்கு." 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைச் சூறையாடினது ஞாபகம் இருக்கும். நாளைக்கு அதுக்குன்னு ஒரு ஜீன் பேட்டன்டோடு வரலாம். வரட்டும், நல்ல சரக்கு என்றால் காசு கொடுப்போம். எவ்வளவு காசு, என்ன நிபந்தனை என்று கேட்க ஒரு ஆள் வேணுமா வேண்டாமா?

என் கட்சி இதுதான். ஒண்ணு, பேட்டன்ட் உரிம நிபந்தனைகளையும் போட்டி ஆணையம் விசாரிக்கலாம் என்று பாராளுமன்றம் சட்டத்தில் தெளிவாக எழுதணும். போட்டிச் சட்டத்தின் 3(5) பிரிவே பேட்டன்ட்காரர் 'நியாயமான' நிபந்தனை போடலாம் என்கிறது. நியாயமா என்று பார்க்க ஆளில்லாமல் அந்த வார்த்தைக்கு என்ன மரியாதை? ரெண்டு, புகார் கொடுத்தவர் ராசியாகிவிட்டார் என்பதால் பொதுவான கேள்வி செத்துப்போகக் கூடாது. மூணு, அதிகாரம் உண்டா இல்லையா என்கிற சண்டைக்கு ஒரு கெடு வைக்கணும். பேட்டன்டுக்கு ஆயுசு 20 வருஷம். அது செத்தபிறகு வருகிற தீர்ப்பு யாருக்கு?

சட்டம் படிச்ச பதிவர்கள், விதை வியாபாரம் தெரிஞ்சவங்க, ஷேர் புலிகள் எல்லாம் வந்து சொல்லுங்க. "போட்டி ஆணையம் உள்ளே வந்தால் ஆராய்ச்சி படுத்துவிடும்" என்று நினைப்பவர்கள் முக்கியமாக வரணும். விலைக் கட்டுப்பாட்டை விட அது எப்படி மோசம் என்று மட்டும் எனக்கு விளக்கிவிட்டுப் போங்க.

டிஸ்கி: என்னிடம் ராம்பஸ் ஷேரும் இல்லை, பேயர் ஷேரும் இல்லை. மான்சான்டோ இந்தியா என்ற பெயரில் பங்குச்சந்தையில் இருந்த கம்பெனி விற்றது மக்காச்சோள விதையும் களைக்கொல்லியும். பருத்தி ஜீன் இருந்தது பட்டியலிடப்படாத எம்எம்பி-யிடம். பருத்தி வழக்கை நம்பி அந்த ஷேரை வாங்கின புண்ணியவான் யாராவது இருந்தால், கோவில்பட்டி பக்கம் வரும்போது சொல்லுங்க. ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் என் செலவு :-)