கண்ணாடித் தொட்டியும் அதிற் குடியேறும் மீன்களும்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால், கல்முனைக் கடைத்தெருவுக்குச் சென்று மருதமுனைக்குத் திரும்பும் சிறுவர் சிலரின் கையில், நீர் நிறைந்த பொலித்தீன் பையொன்று தொங்குவதை நாம் காண்கிறோம். பைக்குள் இரண்டு பொன்மீன்கள். மற்றக் கையில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம். அன்று மாலை வீடெங்கும் கொண்டாட்டம். ஒரு வாரம் சென்றபின் பார்த்தாலோ, கிண்ணம் அலுமாரியின்மேல் வெறுமையாய்க் கவிழ்ந்து கிடக்கும். "மீன் ஏன் வாப்பா செத்தது?" என்று பிள்ளை கேட்கும். "அதன் ஆயுள் அவ்வளவுதான்" என்று பெரியோர் விடை கூறி அமைந்துவிடுவர்.

அவ்விடை சரியன்று. நன்கு பேணினால் பொன்மீன் பத்தாண்டுக்கு மேலும் வாழவல்லது. பெரும்பாலும் அதனைக் கொல்வது இடக்குறைவே. ஆதலால், மீன்தொட்டி வைக்க எண்ணும் குடும்பத்தார்க்கு நாம் முதலிற் சொல்ல விரும்புவது இதுதான்: மீனின் அழகில் மயங்கி அதை வாங்கிவிட்டுத் தொட்டி தேடாதீர்கள். அம்மீன் முழுவளர்ச்சி பெற்றபின் எவ்வளவு நீளமாகும் என்பதை அறிந்து, அதற்கேற்ற தொட்டியை அமைத்த பின்னரே மீனைக் கொண்டுவாருங்கள். தறியின் அகலத்தை மிஞ்சித் துணி நெய்ய இயலாது என்பதை நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனைக்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

தொட்டியின் அளவைக் கணிப்பதற்குப் பழைய முறையொன்று உண்டு. மீன் மூச்சுவிடுவதற்கு வேண்டிய ஒட்சிசன் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பின் வழியாகவே உட்செல்கிறது. ஆகவே ஆழத்திலும் பார்க்க மேற்பரப்பே முக்கியம். உருண்டைக் கிண்ணத்தைக் கழுத்துமட்டும் நிரப்பினால், நீர் கூடும், மேற்பரப்போ சுருங்கிவிடும். அதில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது விளையாட்டன்று, மூச்சுத் திணறலே.

வெப்பநாட்டுச் சிறுமீன்களுக்கு, உடல்நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 12 சதுர அங்குல மேற்பரப்பு வேண்டும். பொன்மீனுக்கு 30 சதுர அங்குலம் வேண்டும் என்பது அம்முறை. 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள தொட்டியின் மேற்பரப்பு 288 சதுர அங்குலம். அதில் எல்லாமாக 24 அங்குல நீளமான சிறுமீன்கள் வாழலாம். பொன்மீனாயின் 9 அங்குலத்துக்குச் சற்று மேல். பொன்மீன் ஆறு, எட்டு அங்குலம் வளரக்கூடியது. எனவே அத்தொட்டி ஒரேயொரு பொன்மீனுக்குத்தான் போதும்! கணக்கிடும்போது வாலை விடுத்து, வளர்ந்த மீனின் நீளத்தையே கொள்ள வேண்டும். இது சிறுமீன்களுக்குரிய கணக்கு என்பதையும் மறத்தலாகாது. அடி நீளமாக வளரும் ஒஸ்கார் மீனை இக்கணக்கைக் காட்டிச் சிறு தொட்டியில் இடுதல் தவறு.

பொன்மீன் சீனத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பிருந்தே வளர்க்கப்பட்டுவரும் குளிர்நீர் மீன். 10 பாகை வெப்பமுள்ள ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 11 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நமது கரையோரத்தின் சித்திரை வெயிலில் தொட்டிநீர் எவ்வளவு சூடேறும் என்பதை எண்ணிப் பாருங்கள். 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கியற் பூங்காவில் முதற் பொது மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டதன் பின்னர், மேனாட்டு வீடுகளில் தொட்டி வைக்கும் வழக்கம் பரவியது. அந்நாட்டு நூல்கள், நீரைச் சூடாக்கும் கருவி இன்றியமையாதது என்று கூறும். அது பனிநாட்டுக்குப் பொருந்தும். மருதமுனையில் அக்கருவிக்குச் செலவிடும் பணத்தைப் பெரிய தொட்டிக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

அவ்வாறாயின் நமக்கேற்ற மீன்கள் எவை? கப்பியும் மொலியும் முதல் வரிசையில் நிற்பன. இரண்டும் சூட்டைத் தாங்கும். கரையோரக் கிணறுகளின் வன்னீரையும் சிறிது உவர்ப்பையும் பொறுக்கும். ஆனால் இவை முட்டையிடாது குஞ்சு ஈனுபவை. ஆணும் பெண்ணும் கலந்திருந்தால் சில மாதங்களில் தொட்டி நிரம்பிவிடும். ஆகையால் ஆண்மீன்களை மட்டும் வாங்குதல் நன்று. மேற்கூறிய தொட்டியில், ஒன்றரை அங்குல ஆண் கப்பி ஆறும், மூன்றங்குல ஆண் மொலி நான்கும் இட்டால் 21 அங்குலமாகும். எஞ்சிய மூன்றங்குலத்தை வெறுமையாகவே விடுங்கள்.

சண்டைமீன் வெளிக்காற்றையும் நேரே சுவாசிக்கவல்லது. அதனால் அதனைத் தேநீர்க் குவளையளவு நீரில் அடைத்து விற்கிறார்கள். அது விற்பனைக்கு உதவும் இடம், குடியிருக்கும் இடமன்று. பதினைந்து லீற்றருக்குக் குறையாத தொட்டியில் அதனைத் தனியே வைத்தல் வேண்டும். இரண்டு ஆண்மீன்கள் ஒன்றையொன்று கிழித்துவிடும். செரி பார்ப் எனப்படும் செந்நிறச் சிறுமீன் நம் நாட்டுக்கே உரியது. 1929இல் தெரணியகல அதனை அறிவியலுலகுக்கு விவரித்தார். தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலோடைகளே அதன் தாயகம். காட்டோடையிற் பிடித்ததை வாங்காது, பண்ணையில் வளர்த்ததையே, ஆறேழாகக் கூட்டமாக, உவர்ப்பற்ற நீரில் வளர்க்கவும். தொட்டியைச் சுத்தஞ் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் கவச உடல் மீனைத் தவிர்க்கவும். இரண்டங்குலமாய் வருவது ஓரடிக்கு மேல் வளரும்.

இனித் தொட்டியைப் பற்றிச் சில சொற்கள். 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உயரமும் உடைய தொட்டி ஐம்பது லீற்றருக்கு மேல் நீர் கொள்ளும். நீர் மட்டுமே ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட பாரம். மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆட்டமற்ற உறுதியான மேசை வேண்டும். யன்னல் வெயில் படும் இடத்தில் வைத்தால் நீர் சூடாகும், பாசியும் படரும். மூடியும் வேண்டும், மீன் துள்ளும், பூனையும் எட்டிப் பார்க்கும்.

குழாய்நீரிலுள்ள குளோரீன் மீனுக்கு நஞ்சு. அகன்ற பாத்திரத்தில் ஓரிரு நாள் திறந்து வைத்தபின் ஊற்றுக. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும். அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள், தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். புதுத் தொட்டியில் மீன்கள் இறப்பதற்கு இது பெருங் காரணம். ஆகவே முதலில் இரண்டு மூன்று மீன்களையே இட்டு, மற்றவற்றைப் பல வாரங்களிற் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். வாரந்தோறும் காற்பங்கு நீரை மாற்றினாற் போதும். முழுவதையும் கொட்டிக் கழுவினால் அப்பற்றீரியாக்களும் போய்விடும். இரண்டு நிமிடத்தில் உண்டு தீர்க்கும் அளவே தீனி இடுக.

மீன் வேண்டாமென்று தோன்றினால், அதனை வாய்க்காலிலோ மட்டக்களப்பு வாவியிலோ விட்டுவிடுதல் கருணையாகாது. நம் நாட்டு நீர்நிலைகளிற் பரவிவிட்ட கவச உடல் மீன்கள், தொட்டிகளிலும் பண்ணைகளிலும் இருந்து தப்பியவற்றின் வழித்தோன்றல்களே. வேறொரு வீட்டுக்குக் கொடுங்கள். அல்லது கடையிலேயே ஒப்படையுங்கள்.

சிறுவர் அபூ உமைர் வளர்த்த குருவி இறந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதுபற்றி அவரிடம் அன்போடு விசாரித்தார்கள் என நபிமொழி நூல்களிற் படிக்கிறோம். பூனையை அடைத்துவைத்து, உணவும் இடாது, தானே தேடியுண்ணவும் விடாத பெண்ணுக்கு நேர்ந்த தண்டனையையும் அந்நூல்களே கூறுகின்றன. உயிரை வளர்த்தல் ஆகும். அடைத்துவைத்தவர் அதன் தேவைக்குப் பொறுப்பாளி என்பதே இரண்டின் பாடமும். ஆகவே அடுத்த விடுமுறையில் பிள்ளை மீன் கேட்டால், கடைக்குப் போகுமுன் அளவுகோலைக் கையிற் கொடுங்கள். தொட்டியின் நீள அகலத்தை அளந்து, எத்தனை மீன் வாழலாம் என்று பிள்ளையே கணக்கிடட்டும்.