உறுமலைக் கேட்காத கட்டுரை

வீட்டு நாயையும் கைக்குழந்தையையும் ஒரே அறையில் தனியே விட்டுப் பழக்க வேண்டும், அப்போதுதான் இரண்டுக்கும் பாசம் ஊறும் என்கிறது சென்ற இதழில் வந்த கட்டுரை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், கோபம் அடங்கவில்லை. இதை நம்பி ஒரே ஒரு இளம் தாய், அடுப்பில் பால் பொங்குகிறதென்று எழுந்து போனாலே போதும். அவள் திரும்பி வருவதற்குள் நடந்துவிடக்கூடியதற்குக் கட்டுரையாசிரியர் பதில் சொல்ல வரப்போவதில்லை.

நாயைப் பிடிக்காத ஆள் எழுதும் மறுப்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. விருதுநகர்ப் பக்கம் எங்கள் வீட்டில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நாய் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, இன்ன ஜாதி என்று சொல்ல முடியாத கலப்பு எல்லாம் இருந்திருக்கின்றன. நாய்க்குச் சோறு வைக்காமல் அம்மா சாப்பிட உட்கார்ந்ததில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவன் சொல்கிறேன்: சின்னப் பிள்ளையை நாயிடம் தனியே விட்டுவிட்டு அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைப்பது, பெரியவர்கள் தங்கள் வேலையை ஒரு வாயில்லா ஜீவன் தலையில் கட்டுவது.

அவர் வாதம் முழுக்க ‘நன்றி’ என்ற ஒற்றைச் சொல்லின் மேல் நிற்கிறது. அதற்கு நாலடியாரைச் சாட்சிக்கு இழுக்கிறார். தன் மேல் வேலை எறிந்தவனையே பார்த்து வாலாட்டும் நாயைப் பற்றிய பாட்டு. அது யாரோடு நட்புக் கொள்ளலாம், யாரோடு கூடாது என்று வளர்ந்த மனிதர்களுக்குச் சொன்னது. போகட்டும், நாயைப் பற்றியது என்றே வைத்துக்கொள்வோம். அந்த நாய் பொறுத்துக்கொள்வது யாரை? சோறு போட்டு வளர்த்தவனை. பத்து மாதத்துக்கு முன் திடீரென்று வீட்டுக்குள் வந்து, அழுது, தவழ்ந்து, தன் தட்டில் கையை விடுகிற ஒரு புது உயிரை அது எந்தக் கடனுக்காகப் பொறுக்க வேண்டும்? பாட்டில் குழந்தையே கிடையாது. இல்லாத குழந்தையை அதற்குள் கொண்டுபோய் வைத்தது கட்டுரையாசிரியர்.

அடுத்துக் கீரிப்பிள்ளைக் கதை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில்கூட வருகிற பழைய கதைதான். பாம்பைக் கடித்துக் குழந்தையைக் காப்பாற்றிய கீரியை, வாயில் ரத்தத்தைப் பார்த்துப் பதறிய தாய் கொன்றுவிடுகிறாள். அவர் கண்ணுக்குக் கீரியின் விசுவாசம் மட்டும் தெரிந்திருக்கிறது. தொட்டில் பக்கத்தில் பெரியவர் ஒருவரும் இல்லாதது தெரியவில்லை. யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்தக் கீரி செத்திருக்காது. நம்பி விட்டுப் போனவர்களே திரும்பி வந்து முதல் பார்வையில் அதைச் சந்தேகப்பட்டார்கள் என்பதையும் அவர் யோசிக்கவில்லை.

கடிப்பதெல்லாம் தெருநாய்தான், வீட்டு நாயை அதோடு சேர்த்துப் பேசுவது அநியாயம் என்கிறார். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதும், அதே மாதத்தில் அதை மாற்றியதும் தொடங்கி நாட்டில் எல்லாரும் தெருநாயைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தப் பிரச்சினையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தவழ்கிற குழந்தை தெருவுக்குத் தனியாகப் போவதில்லை. அது கிடக்கும் கூடத்தில் எந்த நாய் படுத்திருக்கிறதோ, அந்த நாயின் பல்தான் அதற்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்கு, பிள்ளைகளைக் கடித்ததற்காகக் கொண்டுவரப்பட்ட 103 நாய்களைப் பற்றிய ஆய்வு 2007-இல் வெளியானது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் வேறெந்தச் சூழலையும்விட அதிகமாகக் கடிபட்டது, நாய் தன்னுடையது என்று காத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை நெருங்கியபோது. சாப்பாடாக இருக்கலாம், எலும்பாக இருக்கலாம், பொம்மையாக இருக்கலாம். அந்த நாய்களில் 66 சதவீதம் அதற்கு முன் ஒரு குழந்தையைக்கூடக் கடித்ததில்லை. 19 சதவீதம் எந்த மனிதரையுமே கடித்ததில்லை. பாதி நாய்களுக்கு உடம்பில் ஏதோ கோளாறு இருந்தது, அல்லது இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள்.

“எங்க நாய் இதுவரைக்கும் ஒருத்தரையும் கடிச்சதில்ல” என்பதைக் கட்டுரையாசிரியர் சான்றிதழ் மாதிரி நீட்டுகிறார். முதல் தடவை கடிக்கிற ஒவ்வொரு நாயும் முந்தின நாள் வரை கடிக்காத நாய்தான். இதை ஒரு வாதமென்று அச்சில் ஏற்ற எப்படி மனம் வந்தது?

எங்கள் வீட்டு நாய் மணியும் அப்படித்தான் இருந்தது. குட்டியாக வந்து ஒன்பது வருடம், யார் மேலும் பல் பட்டதில்லை. கோடை விடுமுறைக்கு அக்கா வந்திருந்தாள். அவள் மகள் பாப்பாவுக்கு இரண்டரை வயது. வந்த மறுநாள் பாப்பா மணியின் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போனாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொட்டாவி விட்டது. மூக்கை நக்கியது. பிறகு எழுந்து போய்த் திண்ணையில் படுத்தது. பாப்பா பின்னாலேயே போனாள். “பாருடா, இதுக்குப் பாப்பாகிட்ட வெக்கம்” என்று சிரித்தோம். நானும் சிரித்தேன். சாயங்காலம் அதன் தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது.

“யாரப் பாத்து உறுமுற? நம்ம வீட்டுப் புள்ளடா அது!” என்று அப்பா செருப்பைக் கழற்றி இரண்டு போட்டார். மணி பம்மிப் படுத்தது. “இனிமே உறுமாது பாரு” என்றார்.

உறுமவில்லை. அடுத்த நாள் மத்தியானம் கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த அதன் காதைப் பாப்பா பிடித்தாள். சத்தமே இல்லாமல் பல் கன்னத்தில் இறங்கியது.

அம்மாச்சி சுண்ணாம்பும் மஞ்சளும் எடுக்க உள்ளே ஓடினார். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா அதைத் தடுத்து, பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிப்போய், அது அலற அலறக் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு ஆஸ்பத்திரி, காயத்தைச் சுற்றி ஊசி, தையல், மறுபடி மறுபடி தடுப்பூசி. மணியை நாலு நாள் கழித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். டார்ச் அடித்துப் பார்த்தார். காதுக்குள் சீழ் பிடித்து வாரக்கணக்காகியிருந்தது. தொட்டாலே உயிர் போகிற வலி இருந்திருக்கும் என்றார். ஒன்பது வருடம் கூடவே இருந்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. இரண்டரை வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டுரையில் என்னை மிகவும் கொதிக்கவைத்தது உறுமலைத் தொட்ட பகுதிதான். குழந்தையைப் பார்த்து உறுமும் நாயைக் கண்டித்து, தேவைப்பட்டால் அடித்து, அந்தப் பழக்கத்தை வேரோடு அறுக்க வேண்டுமாம். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் நாயின் எச்சரிக்கைகளை ஓர் ஏணியாக வரைந்திருக்கிறார். கீழ்ப்படிகளில் கொட்டாவி, மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்புவது, விலகிப்போவது. மேலே போகப் போகக் காதை ஒடுக்கிப் பதுங்குவது, உடம்பு விறைத்து முறைப்பது, உறுமல், வெறும் வாயால் கவ்வ வருவது. கடி கடைசிப் படி. மணி எங்களிடம் அத்தனை படியும் ஏறி வந்து சொன்னது. கீழ்ப்படிகள் எங்கள் கண்ணில் படவில்லை. கேட்ட ஒரே படியை அப்பா செருப்பால் உடைத்தார். அடிவாங்கிய நாய்க்கு வலியும் போகவில்லை, பயமும் போகவில்லை, சொல்லும் வழி மட்டும் போய்விட்டது. உறுமல் பிள்ளைக்குக் கிடைக்கிற கடைசி அவகாசம். எங்கள் வீட்டில் அறியாமல் செய்த தவறை, இவர் ஊருக்கெல்லாம் யோசனையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குழந்தையும் நாயும் ஒன்றையொன்று இயல்பாகவே புரிந்துகொள்ளும், நாம் நடுவில் போகத் தேவையில்லை என்றும் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழக உளவியலாளர் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் குழுவினர் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கோபத்தில் பல்லைக் காட்டும் நாயின் முகத்தைக் காட்டியபோது, நாலு வயதுக் குழந்தைகளில் 69 சதவீதம் அதைச் சிரிக்கிற நாய் என்று எடுத்துக்கொண்டன. வாயைத் திறந்து பல் தெரிந்தால் சிரிப்பு என்றுதான் நாம் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோம். அதே முகத்தைப் பார்த்து ஒரு நாய் விலகும், குழந்தை கிட்டே போகும். வாலாட்டுவதும் இப்படித்தான். வால் ஆடினால் நாய்க்கு உள்ளே ஏதோ கிளர்ச்சி என்று அர்த்தம். சந்தோஷத்திலும் ஆடும், விறைத்து நிமிர்ந்தும் ஆடும். இவ்வளவையும் பிரித்துப் பார்க்கும் வேலையைத்தான் பால்குடி மறக்காத பிள்ளையிடம் விடச் சொல்கிறார்.

நாயின் முதுகில் குழந்தையை உட்காரவைத்து எடுத்த படத்தை அவர் பெருமையாகக் குறிப்பிட்டிருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதிரிப் படங்களில் குழந்தையை விட்டுவிட்டு நாயின் கண்ணைப் பாருங்கள். முகம் ஒரு பக்கம், விழி இன்னொரு பக்கம், ஓரத்தில் வெள்ளை பிறை மாதிரித் தெரியும். வாய் இறுக மூடியிருக்கும். நம்மில் பலர் அதைப் பொறுமை என்கிறோம். தப்பிக்க வழியில்லாத பிராணி அசையாமல் இருப்பதற்கு அது சரியான பெயரல்ல.

பிள்ளை வாலை இழுத்திருக்கும், கண்ணில் விரலை விட்டிருக்கும், சும்மா இருக்கும் நாய் ஏன் கடிக்கப்போகிறது என்கிறார். இழுத்திருக்கலாம். அதனால் என்ன? இரண்டு வயதுப் பிள்ளை கண்டதையெல்லாம் பிடித்து இழுத்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. மின்சார பிளக் ஓட்டையில் விரலை விட்டால் பிள்ளையின் குறும்பு என்று விட்டுவிடுவோமா? பிளாஸ்டர் ஒட்டுகிறோம், மூடி போடுகிறோம். நாய் விஷயத்தில் மட்டும் குற்றத்தைக் குழந்தை மேல் போட்டுவிட்டு எழுந்து போகலாம் என்றால், கடிபட்ட முகத்தோடு நிற்கிற பிள்ளையிடமே வழக்குப் பேசுகிறோம் என்று பொருள். முகம் என்று சும்மா சொல்லவில்லை. பெரியவருக்குக் காலிலோ கையிலோ படும் கடி, தவழும் பிள்ளைக்கு உயரக் கணக்கிலேயே தலைக்கும் கழுத்துக்கும் போகிறது.

ஜாதி நாய்ப் பேச்சில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களுக்குத் தடை என்று சுற்றறிக்கை விட்டது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. அவையும் ஒரு வீட்டில் வளர்ந்த நாய்கள்தான். பெரிய நாய் கடித்தால் சேதம் பெரிது என்பது உண்மை. ஆனால் இதிலிருந்து, என் வீட்டில் இருப்பது லாப்ரடார், பொமரேனியன், பட்டியலில் இல்லை, ஆகவே கவலையில்லை என்று கட்டுரையாசிரியர் போகிற முடிவுக்கு ஒரு வழியும் கிடையாது. மணியை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்?

தடுப்பூசி போட்ட நாய் என்றால் கடித்தாலும் வெறும் காயம்தான் என்று அவர் ஒரு வரியில் கடந்துபோயிருப்பது ஆபத்தானது. உலகத்தில் ரேபிஸில் சாகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பது பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்கக் காரணமாகாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும், ரத்தம் வந்த காயமென்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். இந்த மூன்றையும் எழுத அவருக்கு அரைப் பத்திகூடத் தேவைப்பட்டிருக்காது. எழுதவில்லை.

நாயைப் பிரித்துவைப்பது சிறைவைப்பது, அது நாய்க்குச் செய்யும் துரோகம் என்று முடித்திருக்கிறார். துரோகம் எது என்று நான் பார்த்திருக்கிறேன். பாப்பாவுக்குத் தையல் போட்ட அன்று ராத்திரி, மணியைச் சாக்கில் கட்டி டெம்போவில் ஏற்றி எங்காவது கொண்டுபோய் விட்டுவரச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். நம்பி நம்பி வளர்த்தவர்கள்தான், நம்பிக்கை ஒரே கடியில் அறுந்ததும் அப்படிக் கிளம்பினார்கள். அக்காதான் வாசலில் நின்று மறித்தாள். “நாம பாக்காம விட்டதுக்கு அத ஏன் கொல்றீங்க?” என்றாள், கன்னத்தில் கட்டுப் போட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

மறுவாரம் அப்பா ஆசாரியைக் கூப்பிட்டுக் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே இடுப்பளவு அரைக்கதவு போட்டார். மணிக்குச் சாப்பாடு அந்தப் பக்கம், படுக்கை அந்தப் பக்கம். அது தூங்கும்போது பிள்ளைகள் அங்கே போகக்கூடாது. பாப்பா வரும் நாட்களில், கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தால் மட்டும் கதவு திறக்கும். அந்தப் பெரியவர் அந்த நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். மணி எழுந்து விலகினால் யாரும் பின்னால் போவதில்லை. காது ஆறிய பிறகு அது இன்னும் நாலு வருடம் எங்களோடு இருந்து, வயதாகி, பின்கட்டில் தன் சாக்கின் மேலேயே கண்ணை மூடியது. சிறை என்று கட்டுரையாசிரியர் சொல்வது அந்தக் கதவைத்தான்.

அவரிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. நாலடியாரை வைத்துக்கொள்ளட்டும், கீரியை வைத்துக்கொள்ளட்டும். தனியே விட்டுப் பழக்குங்கள் என்ற வரியையும், உறுமினால் அடியுங்கள் என்ற வரியையும் அடுத்த இதழில், தன் பெயர் போட்டு, திரும்பப் பெறட்டும். சென்ற இதழ் வாங்கிய எல்லா வீட்டுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.