என்ன கட்டுப்பாடு?

தென்காசியில் பல வருடமாக மாலை நேரத் தனிப்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் பீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்: “சார், பாடத்தை மட்டும் நடத்துங்க. வேற எதுவும் பேச வேண்டாம்.” வேறு எது என்று நான் திருப்பிக் கேட்டதில்லை. சாதியைப் பற்றிப் பேச வேண்டாம், கூலியைப் பற்றிப் பேச வேண்டாம், ஏன் இந்தத் தெருவில் இருக்கிற குழாய் அந்தத் தெருவில் இல்லை என்று பேச வேண்டாம். அவ்வளவுதான்.

பெற்றோர் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. பள்ளி ஆண்டு விழா மேடைகளில், கல்லூரிப் பணியறைகளில், டீக்கடை பெஞ்சில், எங்கே பேச்சு வந்தாலும் முடிவு இதுதான்: படிப்பு வேறு, கருத்தியல் வேறு. பள்ளிக்கூடம் நடுநிலையான இடம். கோட்பாடு என்பது பெரிய நகரத்துப் பல்கலைக்கழகங்களில் சம்பளத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இந்த நம்பிக்கை தவறு. நம் பிள்ளைகளுக்கு இது செய்திருக்கிற கெடுதலைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் மிட்டாய் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போகிறார்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகள். ஊரில் கட்டுப்பாடு வந்திருக்கிறது, உங்கள் தெருவுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் கடைக்காரர். என்ன கட்டுப்பாடு என்று ஒரு பிள்ளை கேட்கிறது. காணொளி பரவியதும் கடைக்குச் சீல் வைத்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வந்தது, கைது நடந்தது. எல்லாம் செய்தியாக வந்து போய்விட்டது. எனக்கு அந்தப் பிள்ளையின் கேள்விதான் இன்னும் காதில் நிற்கிறது.

அந்தக் கடைக்காரர் குரலை உயர்த்தவில்லை, வையவில்லை. மழை வந்திருக்கிறது என்று சொல்வதைப் போலத்தான் கட்டுப்பாடு வந்திருக்கிறது என்றார். நாலு பேர் கூடிப் போட்ட ஒன்றை, தானாக வந்ததாகப் போட்டவரையே நம்பவைக்கிற சக்திக்குப் பெயர்தான் கருத்தியல். அதை யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று கேட்பதற்குப் பெயர் விமர்சனக் கோட்பாடு. 1923இல் பிராங்க்பர்ட்டில் தொடங்கிய சமூக ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்த கேள்வியும், ரூபாய்க் காசைக் கையில் பொத்திக்கொண்டு நின்ற பிள்ளையின் கேள்வியும் ஒரே குடும்பம். இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்துக்குள் விடக் கூடாது என்றால், அந்தப் பிள்ளை அதை எங்கே போய்க் கேட்கும்?

பள்ளிக்கூடம் நடுநிலை என்பவர்களுக்கு நம் ரயில் பாதையிலேயே பதில் இருக்கிறது. தென்காசியில் ஏறினால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டிச் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பிறகு சேரன்மாதேவிக்குக் கொண்டுபோன தமிழ்க் குருகுலம் அங்கேதான் நடந்தது. தேசியக் கல்வி என்பது அதன் நோக்கம். காங்கிரஸ் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. அந்தக் குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிப்பந்தி போட்டார்கள். பெற்றோரின் விருப்பம் என்பது அன்று சொல்லப்பட்ட சமாதானம். அன்று காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை ஏற்கவில்லை. 1924, 25இல் தமிழ்நாட்டு அரசியலையே அந்த விவகாரம் புரட்டிப்போட்டது. ஐயர் சிறியவர் அல்லர். திருக்குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர், கம்பனைக் கற்றுத் தோய்ந்தவர், 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்டவர். அத்தனை பெரிய மனிதர் நடத்திய பள்ளியிலும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடத்தைச் சாப்பாட்டுப் பந்தி நடத்திக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்த பையனும் கற்றான், வெளியே உட்கார்ந்த பையனும் கற்றான். கருத்தியலைப் புகட்டுகிற வேலையைப் பள்ளிதான் எல்லாவற்றையும்விடத் திறமையாகச் செய்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் அல்தூசர் 1970இல் எழுதினார். சேரன்மாதேவி அதை 45 வருடம் முந்தியே பார்த்துவிட்டது.

ஆகவே, கருத்தியல் பள்ளிக்குள் வரலாமா கூடாதா என்ற கேள்விக்கே இடமில்லை. அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதா, பார்க்காமல் இருக்கப் பழக்குவதா என்பது மட்டும்தான் ஆசிரியர் கையில் இருக்கிறது.

இரண்டாவது வாதம், இந்தக் கோட்பாடெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்பது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நா. வானமாமலையைத்தான் நினைக்கத் தோன்றும். 1917இல் நாங்குநேரியில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து விலகி, பாளையங்கோட்டையில் என்னைப் போலவே தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். 1967இல் அவர் தொடங்கிய நெல்லை ஆய்வுக் குழுவுக்கு அரசு மானியம் கிடையாது, பல்கலைக்கழகத்தின் நிழல் கிடையாது. கூடுவார்கள், ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழ் வந்தது. ஆ. சிவசுப்பிரமணியன், எஸ். தோதாத்ரி போன்றவர்கள் அந்த வட்டத்தில் உருவானவர்கள். மார்க்சியத்தை வெளியிலிருந்துதான் எடுத்தார்கள்; ஆனால் அதைக் கொண்டு அவர்கள் படித்தது வில்லுப்பாட்டை, கதைப்பாடலை, நம் ஊர்ச் சுடலைமாடனை.

ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னிதி இருக்கிறது. அங்கே நேர்த்திக்கடன் செருப்பு. தோலில் தைத்த புதுச் செருப்புகளைக் கொண்டுவந்து கட்டித் தொங்கவிடுகிறார்கள். சாமி இரவில் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டில் நடப்பதாகவும், அதனால் செருப்புத் தேய்வதாகவும் நம்பிக்கை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், செருப்பைப் பார்த்துக் கும்பிடுகிறோம். சிறுவனாக அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்று அண்ணாந்து பார்த்தது நினைவிருக்கிறது. கயிற்றில் வரிசையாகச் செருப்புகள். அடிப்பாகத்தில் மண் ஒட்டியிருக்கிறதா என்றுதான் தேடினேன். ஏன் செருப்பு என்று கேட்டதற்கு, சாமி விஷயத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்றார் அப்பா.

பல வருடம் கழித்து முத்துப்பட்டன் கதையில் பதில் கிடைத்தது. பிராமணனான முத்துப்பட்டன் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு அருந்ததியப் பெண்களை விரும்புகிறான். பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, தோல் வேலை கற்று, செருப்புத் தைத்துக்கொண்டு வந்தால் பெண் தருகிறேன் என்கிறார் அவர்கள் தகப்பன் வாலப்பகடை. அவன் அப்படியே செய்கிறான். பிறகு மாட்டைக் காக்கப் போன சண்டையில் செத்து, பட்டவராயன் என்ற சாமியாகிறான். 1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த வானமாமலை, கதையின் இன்னொரு வடிவத்தைச் சுட்டிக்காட்டினார். அதில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பிள்ளைகள். காட்டில் விடப்பட்டு வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்கள். பின்னால் வந்த கைகள் சொருகியது அது என்பது அவர் வாதம். கதையைத் தடுக்க முடியாதவர்கள் கதையின் முதுகெலும்பை உருவிவிட்டார்கள். சாதியை மீறிய கல்யாணம், சாதிக்குள் நடந்த கல்யாணமாகிவிட்டது. செருப்பு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரே கதைக்கு இரண்டு வடிவம் இருந்தால், எதை மாற்றினால் யாருக்கு லாபம் என்று பார் என்பேன். அதன்பிறகு அவர்கள் செய்தித்தாளை வாசிக்கிற விதமே மாறிவிடும். இதற்கு ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை.

குற்றாலம் அருவிக்கும் சாரலுக்கும் மட்டும் பேர்போன ஊர் இல்லை. ரசிகமணி டி.கே.சி. இங்கே உட்கார்ந்துதான் கம்பனைப் பாடிக் காட்டினார். இவை கம்பன் பாட்டே இல்லை, செருகு கவி என்று எத்தனையோ பாடல்களைத் துணிந்து ஒதுக்கினார். அவர் முடிவுகளில் பலவற்றை நான் ஏற்கமாட்டேன். ஆனால் கையில் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளாதவர் அவர். பின்னாளில் கவிஞர் கலாப்ரியா இதே குற்றாலத்தில் ‘பதிவுகள்’ என்று எழுத்தாளர்களைக் கூட்டிக் கவிதையையும் கோட்பாட்டையும் பேசவைத்தார். கேள்வி கேட்கிற கூட்டம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

கோட்பாடு பேசியவர்கள் பக்கமும் குறை உண்டு, அதை மறைக்கமாட்டேன். விமர்சகர் தமிழவன் 1982இல் அமைப்பியலைப் பற்றி ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ எழுதியபோது பெரிய கதவு திறந்தது. அதன்பின் பலர் எழுதிய தமிழ், வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிடவில்லை. பெயரெச்சம் நான்கு அடுக்கி, வினைமுற்றைக் கடைசிவரை ஒளித்துவைத்த வாக்கியங்களைப் படித்து நானே களைத்திருக்கிறேன். ஆனால் சமைக்கத் தெரியாதவர் கையில் அரிசி கெட்டதென்று அரிசியே ஆகாது என்பவர் உண்டா? பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் உப்பைப் பற்றியும் எண்ணெய்க் குளியலைப் பற்றியும் எழுதியதை எந்தக் கடைக்காரரும் படிக்கலாம். அதுவும் கோட்பாடுதான்.

நடுநிலை என்று வாயை மூடிக்கொண்டதன் விலை என்ன என்பதை நம் பிள்ளைகளின் மணிக்கட்டில் பார்க்கலாம். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. எந்தக் கயிறு எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். 2019 ஜூலை இறுதியில் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை போனது. அடுத்த மாதமே எதிர்ப்பு வந்து அது நடைமுறைக்கு வராமலே போயிற்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வானமாமலை பிறந்த அதே நாங்குநேரி. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, அகரவரிசையில் உட்காரவைப்பது என்று பரிந்துரைகள். எல்லாம் தேவை. ஆனால் கயிற்றை அறுத்துவிட்டு, ஏன் கட்டினாய் என்று அவனோடு உட்கார்ந்து பேசாவிட்டால், மறுநாள் சட்டைக்குள் கட்டிக்கொண்டு வருவான். அந்தப் பேச்சுக்குக் காலஅட்டவணையில் ஒரு பீரியட் இல்லை. இருந்தாலும், பாடத்தை மட்டும் நடத்துங்கள் என்று வாசலில் யாராவது நிற்பார்கள்.

பெற்றோரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு வழக்கு பையன் பெயரில் விழுந்தால் போலீஸ் வேலையும் போச்சு, பட்டாள வேலையும் போச்சு. கேள்வி கேட்பதால் ஆபத்து வரும் என்பதும் உண்மை. பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ முந்நூறு உழைப்பாளிகளுக்கு அவர்கள் அன்றாடம் புழங்குகிற சொற்களைக் கொண்டே எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். எழுத்தறிவில்லாதவருக்கு வாக்குரிமை இல்லாத நாடு அது. அடுத்த வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டது, பிறகு நாட்டைவிட்டே போகவேண்டியதாயிற்று. வெறும் ஏட்டுச் சுரைக்காய்க்கு எந்த ராணுவமும் பயப்படாது.

போன வருடம் என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு விகிதக் கணக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறவில்லை. அம்மா பீடி சுற்றுகிறவர். பள்ளி விட்டு வந்ததும் இவளும் சுளவை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நோட்டைத் திறந்தால் தாளில் புகையிலை வாசம் அடிக்கும். புத்தகத்துக் கணக்கை மூடிவைத்துவிட்டு, ஆயிரம் பீடிக்குக் கொடுக்கிற இலையில் எத்தனை தேறுகிறது என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள்: “தொள்ளாயிரம்கூடத் தேறாது சார். மிச்சத்துக்கு நாங்கதான் கடையில இலை வாங்கிப் போடுவோம்.” ஒரு வாரத்துக்கு எவ்வளவு, ஒரு மாதத்துக்கு எவ்வளவு, கழிவென்று தள்ளுகிற பீடி எத்தனை, கையில் வருகிற கூலியில் இது எத்தனை சதவீதம் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். முக்கால் மணி நேரத்தில் விகிதமும் சதவீதமும் வந்துவிட்டன. கடைசி வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதை யாரு சார் முடிவு பண்றது?” என்று கேட்டாள்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். சேர்க்கும்போது பாடத்தை மட்டும் நடத்தச் சொன்ன அதே அம்மா. கோபமாக வந்திருக்கிறார் என்றுதான் எழுந்து நின்றேன். நோட்டிலிருந்து கிழித்த தாளை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் வாசல்படியில் இன்னும் மூன்று பெண்கள், கையில் பீடிக்கடை பாஸ்புக்கோடு.

“சார், இவங்க கணக்கையும் அவளைப் போடச் சொல்லுங்க.”