எலிக்கு நலமெனில் நமக்கும் நலமா?

நீரிழிவுக்குப் புதுமருந்து கண்டாயிற்று என்று செய்தி வரும்போதெல்லாம், "இனிக் குழந்தைக்கு ஊசி வேண்டாமல்லவா?" என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் வினவுகின்றனர். ஆதலின் அதனை இம்மாதம் சிறிது விளக்குவோம்.

1921-ஆம் ஆண்டில் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் நாய்களிடம் நிகழ்த்திய சோதனைகளே இன்சுலினுக்கு வழிகோலின. பின்னர் ஜப்பானியர் உருவாக்கிய 'நாட்' என்னும் சுண்டெலி இனம், தானாகவே முதல்வகை நீரிழிவு கொள்வதாகும். உடலின் காவற்படையே இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்தல் இந்நோயின் காரணம். எனவே அப்படையை அடக்கும் மருந்தொன்றையும், இன்சுலினைப் பகையெனக் கொள்ளாதிருக்க அதனைப் பழக்கும் மருந்தொன்றையும் சேர்த்து அறிஞர் எலிகளுக்கு அளித்தனர். தனித்தனியே அளித்ததினும் சேர்த்து அளித்தபோது மிகுதியான எலிகள் நலமுற்றதாக 2006-இல் அறிவித்தனர்.

மகிழ்ச்சியே, ஆயினும் எலி வேறு, மனிதர் வேறு. எலிகளைக் காத்த முறைகள் பல மனிதரிடம் பொய்த்தன. காவற்படையை அடக்கும் அவ்வகை மருந்து 1994-இலேயே எலிகளின் நோயை நீக்கியது. மனிதர்க்குரிய அதன் வடிவமான டெப்லிசுமாப் 2022-இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதுவும் நோயின் வருகையைச் சுமார் ஈராண்டு தள்ளிவைக்கிறதேயன்றி, ஒழிப்பதில்லை.

ஊரிலிருந்து உறவினர் செய்தித் துணுக்கு அனுப்பினால், "இது எலியிடமா, மனிதரிடமா?" என்று முதலில் நோக்குக. முதல்வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு இடர் நேரும். மருத்துவர் சொல்லாமல் ஒருவேளை ஊசியையும் விடற்க. நம்பிக்கை வேண்டும், அவசரம் வேண்டா.