மாத்திரை ஃப்ரீ, காய்?

1/ "காய், கீரை நிறைய சாப்பிடுங்க"ன்னு சுகர் பேஷண்ட்டுகிட்ட ஈஸியா சொல்லிடுறோம். ஒரு அம்மா திருப்பிக் கேட்டாங்க: "மாத்திரை இங்க ஃப்ரீ. காய் யாரு தருவா டாக்டர்?"

2/ உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு: ஒருத்தருக்கு தினம் காய், பழம் சேர்த்து 400 கிராம். உருளைக்கிழங்கு கணக்குல வராது. நாலு பேர் வீட்டுக்கு 1.6 கிலோ! அப்போ கிலோவுக்கு அஞ்சு ரூபா குறைஞ்சாலும் பெரிய விஷயம்.

3/ அதுக்குத்தான் உழவர் சந்தை. தமிழ்நாட்டுலயே முதல் சந்தை நம்ம மதுரை அண்ணாநகர்ல, 1999 நவம்பர் 14 அன்னைக்கு ஆரம்பிச்சது. இடைத்தரகர் இல்ல, விளைவிச்சவங்களே விக்கிறாங்க, அன்னன்னைக்கு விலை போர்டுல.

4/ ஆனா முக்கிய வியாபாரம் காலையில. விடியறதுக்குள்ள வேலைக்குக் கிளம்புறவங்க எப்போ வாங்குவாங்க? சாயங்காலமும் அதே விலைக்கு காய் கிடைக்கணும். அதுவும் சுகர் வைத்தியம்தான். முடிஞ்சவங்க நாளைக்கே பையோட போங்க. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வாங்கிட்டு வாங்க.